கதை வகுப்பும் கணினி ஆட்டமும்

1950ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த தமிழ் நேசன் நாளிதழ் தன் வாசகர்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்ற இருவர் அந்தப் பக்கத்தை நடத்தினார்கள். அதற்குக் ‘கதை வகுப்பு’ என்று பெயர். கட்டடம் இல்லை, கரும்பலகை இல்லை, மணி அடிக்க ஆள் இல்லை. பாடம் அச்சில் வரும், படித்தவர் எழுதி அனுப்புவார், அனுப்பியது மதிப்பிடப்படும். 1951 வரை நடந்த அந்த வகுப்பு, போருக்குப் பிந்திய மலாயாத் தமிழ்ச் சிறுகதைக்கு ஊற்றுக்கண்களில் ஒன்று. ஜொகூரின் தமிழ்ப்பள்ளிகளில் கணினி ஆட்டங்களைக் கொண்டு மொழியும் எழுத்தும் கற்பிக்கலாமா என்று இன்று கேட்கும்போது, ஏதோ நேற்று முளைத்த கேள்வியைப் போலப் பேசுகிறோம். அந்தக் கேள்விக்குப் பாதி விடை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் கிடைத்துவிட்டது என்பது என் வாதம். ஓர் ஆட்டம் எழுத்தைக் கற்றுத்தர வேண்டுமானால், ஆடும் பிள்ளை சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதியே ஆக வேண்டும். எழுதியதை இன்னொருவர் படித்துப் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் இருந்த இடத்தில் தோட்டத்துப் பிள்ளையும் எழுத்தாளர் ஆனது உண்டு. இல்லாத இடத்தில் எத்தனை வண்ணத் திரைகளை மாட்டினாலும் பிள்ளை பதிலைத் தொட்டுவிட்டுப் போகிறதே தவிர எழுதுவதில்லை.

ஜொகூரில் தமிழ்ப்பள்ளி தோட்டத்தோடு சேர்ந்து வந்தது. 1909இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை முடிந்தது. 1923இல் சிங்கப்பூரை இணைக்கும் கடற்பாலத்தின் மேல் ரயில் ஓடியது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று அந்தப் பாதையை ஒட்டியும் அதற்கு அப்பாலும் ரப்பர் தோட்டங்கள் விரிந்தன. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. அதே வகையான விதி ஜொகூரிலும் நடைமுறைக்கு வந்தது. சட்டம் பள்ளிக்கூடம் கேட்டதே ஒழிய, எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் என்று அழுத்திக் கேட்கவில்லை. ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டகை. ஆசிரியர் என்ற பெயரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கிராணி அல்லது கங்காணியின் உறவுக்காரர். இந்த நிலைதான் பல தோட்டங்களில் நெடுங்காலம் நீடித்தது. புத்தகங்கள் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தன. அதிகாலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் பெற்றோரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பால்மரத்தையும் பால் பிடிக்கும் மங்கையும் தவிர வேறெதையும் அதிகம் காணாத பிள்ளை, புத்தகத்தில் காவிரியையும் ஏற்றத்தையும் படித்தது. தன் கண்முன் இருப்பதற்குச் சொல் கொடுக்க அந்தப் புத்தகம் உதவவில்லை. பார்த்தெழுதுதல், சொல்வதெழுதுதல், மனப்பாடம் என்ற மூன்றோடு எழுத்துப் பாடம் முடிந்தது. சொந்த வாக்கியத்துக்கு அங்கே இடமே வரவில்லை.

இதற்காக அந்த ஆசிரியர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே கொட்டகையில் வைத்துக்கொண்டு, குறைந்த சம்பளத்தில், இரண்டு தலைமுறைக்கு எழுத்தறிவைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள். நாடு விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்றால் அதன் பாரம் பெரும்பாலும் அவர்கள் தோளில்தான் இருந்தது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: எழுத்தறிவு வேறு, எழுதுவது வேறு. முதலாவதைத் தோட்டப்பள்ளி கொடுத்தது. இரண்டாவதைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தேட வேண்டியிருந்தது.

தமிழ் மரபில் அந்த இரண்டாவது எப்போதும் ஆட்டத்தின் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வது ஓர் ஆட்டம். சிலேடையில் ஒரே பாட்டைப் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருத்திக் காட்டுவது ஓர் ஆட்டம். காளமேகத்தின் பெயர் இன்றுவரை நிற்பதற்கு அதுவே காரணம். தேர் வடிவத்திலும் பாம்பு வடிவத்திலும் எழுத்துகளை அடுக்கும் சித்திரக்கவி, திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்று, நூறு பேர் நூறு பக்கத்திலிருந்து கேட்பதற்கு ஈடு கொடுக்கும் சதாவதானம் எல்லாமே விதியுள்ள ஆட்டங்கள். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தியபோது கூடியிருந்தவர்கள் பார்த்தது புலமையையும் விளையாட்டையும் ஒருசேர. விதி நெருக்கும்போதுதான் சொல் தேடப்படுகிறது என்பது நம் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த ஆட்டக்களம் புலவர்களுடையது. பால்வாளி தூக்கிய பிள்ளைக்கு அதில் நுழைய வழியில்லை. அந்தப் பிள்ளைகளிடம் இருந்தது விடுகதையும் பம்பரமும், நான்கு துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் போடும் ராஜா ராணி ஆட்டமும்தான்.

அந்தக் களத்தின் கதவைத் திறந்துவிட்டது பள்ளிக்கூடமோ புலவர் அவையோ அல்ல, செய்தித்தாள். கோலாலம்பூரில் தமிழ் நேசனின் கதை வகுப்பு நடந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, 1950களின் தொடக்கத்தில் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியை நடத்தியது. பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பியவை அங்கே அச்சேறின. இரண்டு நகரங்களுக்கும் நடுவில் கிடந்த மாநிலம் ஜொகூர். வடக்கிலிருந்து ஒரு தாளும் தெற்கிலிருந்து ஒரு தாளும் வந்தடைய வசதியான இடம் அது. பிறகு மணிமன்றம் தாளிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாக இளைஞர் மணிமன்றங்கள் தோன்றின. பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடந்தன. 1950களின் நடுவில் தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, கதைகளைக் கூடிப் படித்து விமர்சிக்கும் இலக்கிய வட்டத்தை நடத்தி, எழுதத் தொடங்கியவர்களின் அடுத்த படிக்கு வழி காட்டினார். அந்தக் காலத்தில் கிளம்பிய எழுத்தாளர்களில் ஒருவர் ஜொகூர் தங்காக்கில் வாழ்ந்த மா. இராமையா. 1953இல் மாயதேவனோடு சேர்ந்து ‘இரத்ததானம்’ என்ற சிறுகதைத் தொகுப்பை வெளியிட்ட அவர், 1978இல் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை நூலாக எழுதினார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு ஒருவர் செய்தார் என்றால், அதற்கு முன்னால் அந்தச் சிற்றூரை எழுத்து எட்டியிருக்க வேண்டும். எட்ட வைத்தது அந்த இரண்டு தாள்களும்தான்.

இதையெல்லாம் ஆட்டம் என்று அழைப்பது இழுத்துப் பொருத்துவது ஆகாதா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆட்டம் என்பதற்கு நாம் சொல்லும் அடையாளங்களை எடுத்துக்கொள்வோம். விதி உண்டு; முயற்சி உண்டு; தோற்றால் மறுபடி ஆடலாம்; நாம் செய்ததற்கு எதிர்வினை உடனேயோ பிறகோ வரும்; ஒரு படி ஏறினால் அடுத்த படி காத்திருக்கும். கதை வகுப்பில் இவை அத்தனையும் இருந்தன. எழுதியது வரவில்லையென்றால் மறுபடி எழுதி அனுப்பலாம். பெயர் அச்சில் வந்தால் அதுவே ஒரு படி. ஒன்று மட்டும் வேறு: எதிர்வினை நொடியில் வராமல் நாள் கடந்து வந்தது. அந்த நாள்களில் எழுதியவர் தன் கதையை மனத்துக்குள் திருத்திக்கொண்டே இருந்திருப்பார். நொடிக்குள் விடை சொல்லும் இன்றைய ஆட்டங்களில் இந்தக் காத்திருப்பு இல்லை. அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

அதற்குச் சற்று முந்திய காலத்தின் இன்னோர் ஆட்டத்தையும் இதோடு ஒப்பிட வேண்டும். 1930களில் எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடன் நடத்திய பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி தமிழ் வாசகர்களைக் கட்டிப்போட்டது. அதுவும் மொழி ஆட்டம்தான், சொல்வளம் வேண்டும்தான். ஆனால் அது எழுத்தாளரை உண்டாக்கவில்லை. கட்டத்தை நிரப்பியவர் எழுதியது ஏற்கெனவே ஒருவர் தீர்மானித்து வைத்திருந்த சொல். கதை வகுப்பில் எழுதியவர் எழுதியதோ அதுவரை உலகத்தில் இல்லாத வாக்கியம். மொழி ஆட்டங்கள் எல்லாவற்றையும் இந்தக் கோட்டின் இரு பக்கமாகப் பிரித்துவிடலாம். இன்றைய கணினி ஆட்டங்களையும்தான்.

கணினி ஆட்டத்தின் வரலாறு படத்தில் தொடங்கவில்லை, சொல்லில் தொடங்கியது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1971இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் வரலாற்றுப் பாடத்துக்காக நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ‘ஒரிகன் டிரெயில்’ ஆட்டத்தை உருவாக்கினார். திரைகூட இல்லை, தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவி காகிதத்தில் அடித்துக் கொடுத்ததைப் படித்து ஆடினார்கள். 1976இல் வில் கிரவுதர் என்ற நிரலாளர், தன் மகள்களை மனத்தில் வைத்து, குகைக்குள் அலையும் ஓர் ஆட்டத்தைச் சொற்களாலேயே எழுதினார். எதிரே இருப்பதைக் கணினி ஒரு பத்தியில் வருணிக்கும். ஆடுபவர் இரண்டு சொல்லில் கட்டளை தட்டுவார். கணினி அடுத்த பத்தியைச் சொல்லும். அடுத்து வந்த ‘ஸோர்க்’ முழு வாக்கியங்களையும் புரிந்துகொண்டது. படிப்பதும் எழுதுவதும்தான் அந்த ஆட்டங்களில் நடை, ஓட்டம், சண்டை எல்லாம். வண்ணப் படங்கள் வந்த பிறகு விற்பனைக் கடைகளிலிருந்து அவை ஒதுங்கின. ஆனால் சாகவில்லை. 2009இல் கிரிஸ் கிளைமஸ் உருவாக்கிய ‘ட்வைன்’ என்ற இலவசக் கருவி, நிரல் தெரியாதவரும் கிளை பிரியும் கதை எழுத வழி செய்தது. அதில் தமிழ் எழுத்திலும் எழுதலாம். தடை எதுவும் இல்லை.

ஜொகூரின் தமிழ்ப்பள்ளிக்கு இந்தக் கருவிகள் வந்த விதம் வேறு. விடுதலைக்குப் பிறகு பள்ளி நிறையவே மாறியிருந்தது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்குப் பிறகு பாடத்திட்டம் இந்த மண்ணை நோக்கித் திரும்பியது. பால்மரமும் பெருநாளும் பாடப்புத்தகத்துக்குள் வந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தார்கள். 1988 முதல் தொடக்கப்பள்ளி இறுதியில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது, அதோடு கட்டுரை ஒரு தேர்வுத்தாள் ஆனது. அந்த வகுப்பறையில் உருவான வடிவங்களில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது ‘தன்கதை’. நான் ஒரு மிதிவண்டி, நான் ஒரு பேனா, நான் ஒரு பள்ளிச் சீருடை என்று ஒரு பொருள் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் கட்டுரை. இன்றைய கணினி ஆட்டத்தில் பிள்ளை இன்னொருவரின் உடலுக்குள் புகுந்துகொண்டு ஓடுகிறதே, அதையே காகிதத்தில் செய்ய வைத்த வடிவம் இது. நல்ல விதை. ஆனால் தேர்வு அந்த விதையை வறுத்துவிட்டது. தொழிற்சாலையில் பிறப்பது, கடைக்கு வருவது, ஒருவர் வாங்குவது, பழுதாவது, குப்பைக்குப் போவது என்று ஒரே தடம் எல்லாப் பேனாவுக்கும் எல்லா மேசைக்கும் வகுக்கப்பட்டது. இடையிடையே இரட்டைக்கிளவி ஒன்று, உவமைத்தொடர் ஒன்று, இணைமொழி ஒன்று தூவினால் புள்ளி. பிள்ளைகள் மாதிரிக் கட்டுரையை மனனம் செய்தார்கள். தோட்டப்பள்ளியின் பார்த்தெழுதுதல் நல்ல சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

திரை பெரிய அளவில் வந்தது 2003இல். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நாடு முழுவதும் அந்த ஆண்டு தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்குள் வந்தன. மடிக்கணினி, படவீழ்த்தி, குறுந்தட்டுப் பாடங்கள் எல்லாம் அரசாங்கத்திலிருந்து வந்து சேர்ந்தன. அந்தக் குறுந்தட்டு ஆங்கிலம் பேசியது. தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்குள் பரவலாக நுழைந்த முதல் திரை தமிழ் பேசவில்லை என்பது சின்ன விஷயம் அல்ல. கணினி என்றால் ஆங்கிலம், கரும்பலகை என்றால் தமிழ் என்ற பிரிவினை அந்த வயதிலேயே பிள்ளையின் மனத்தில் பதிந்தது. 2012 முதல் அந்தத் திட்டம் படிப்படியாக விலக்கிக்கொள்ளப்பட்டது. மனப்பதிவை அப்படி விலக்கிக்கொள்ள முடியவில்லை. இத்தனைக்கும், தமிழைக் கணினியில் எழுதும் வழியை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர் மலேசியரான முத்து நெடுமாறன். அவருடைய முரசு அஞ்சல் 1985இலேயே உருவாகிவிட்டது. கருவி வீட்டிலேயே இருந்தும் வகுப்பறைக்கு வர நாளாயிற்று.

அதே ஆண்டுகளில் தோட்டமும் கரைந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகள் ஆயின. ஜொகூர் பாருவைச் சுற்றி இன்றும் லாடாங் ரினி, லாடாங் மவுண்ட் ஆஸ்டின், லாடாங் தெப்ராவ் என்ற பெயர்களில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. லாடாங் என்றால் தோட்டம். பெயரில் தோட்டம் இருக்கிறது. பள்ளியைச் சுற்றி மாடி வீடுகளும் பேரங்காடிகளும் நெடுஞ்சாலையும் இருக்கின்றன. மாநிலத்தில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள். அவற்றின் பிள்ளைகள் பள்ளி முடிந்து போகும் வீடுகளில் கைப்பேசி உண்டு, ஆட்டமும் உண்டு. அந்த ஆட்டங்களில் ஏறக்குறைய எதுவும் தமிழில் இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்குப் புத்தகம் காட்டிய காவிரி அந்நியமாக இருந்தது. நகரத்துப் பிள்ளைக்குத் திரை காட்டும் உலகத்தில் தமிழே அந்நியமாக இருக்கிறது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடின. தமிழாசிரியர்கள் சில வாரங்களில் செய்து காட்டிய மாற்றத்தை நான் மரியாதையோடு நினைக்கிறேன். நார்வேயில் பிறந்த ‘கஹூட்’, பெங்களூரில் பிறந்த ‘குவிசிஸ்’ போன்ற புதிர்த் தளங்களில் திருக்குறளும் மரபுத்தொடரும் வலிமிகும் இடங்களும் ஏறின. புள்ளி, மணியோசை, முன்னணிப் பட்டியல், பிள்ளைகள் துள்ளினார்கள். ஆனால் அந்த ஆட்டங்கள் நான் சொன்ன கோட்டின் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். சீக்கிரம் தொட வேண்டும். சரியான சொல்லை அடையாளம் காண்பது அங்கே பயிற்சியாகிறது, அதை மறுக்கவில்லை. எழுத்து பயிற்சியாகவில்லை. பிள்ளை ஒரு வாக்கியமும் எழுதாமல் தமிழில் முதலிடம் பிடிக்க முடிகிறது. இது குறுக்கெழுத்துக் கட்டத்தின் பேரன். கதை வகுப்பின் வாரிசு அல்ல. நல்ல ஆட்டத்துக்கும் புள்ளி கொடுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அப்போது கவனிக்கத் தவறினோம். அவசரத்தில் தவறியது மன்னிக்கத்தக்கது; அவசரம் தீர்ந்த பிறகும் அதையே தொடர்வதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

வேறு விதமாகச் செய்யலாம் என்பதற்கு நல்ல சான்று இங்கிலாந்திலிருந்து வருகிறது. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூரின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் டிம் ரைலண்ட்ஸ், ‘மிஸ்ட்’ என்ற ஆட்டத்தை வகுப்பின் பெரிய திரையில் காட்டி எழுத்து கற்பித்தார். 1993இல் வெளிவந்த அந்த ஆட்டத்தில் சண்டை இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆளில்லாத ஒரு தீவும் அதன் புதிர்களும்தான். ஒரு கதவின் முன்னால் ஆட்டத்தை நிறுத்துவார். என்ன கேட்கிறது, காற்று எப்படி இருக்கிறது, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கலாம் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். எழுதியதை உரக்கப் படிப்பார்கள். பிறகுதான் ஆட்டம் நகரும். 2005இல் இங்கிலாந்தின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான பெக்டா அவருக்கு விருது கொடுத்தது. ஆட்டம் அங்கே எழுத்தை நோக்கித் தள்ளியது. நிறுத்தி வைத்த அந்த நிமிடங்களில்தான் பாடம் நடந்தது. எழுத்துக்கும் விடைக்கும் நடுவில் தமிழ் நேசன் வாசகருக்குக் கிடைத்த காத்திருப்பை, ரைலண்ட்ஸ் திரையை நிறுத்தி மீட்டுக்கொண்டார். கைப்பேசி அடிமைத்தனம் பற்றிப் பெற்றோர் கொள்ளும் பயத்துக்கு என் விடையும் இதில் இருக்கிறது. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் ஒரே திரை, ஆசிரியரின் கை, நிறுத்தி நிறுத்தி எழுதுவது என்ற ஏற்பாட்டில் பிள்ளை பார்க்கும் நேரத்தைவிட எழுதும் நேரம்தான் அதிகம்.

தமிழுக்கு இது பொருந்துமா, இலக்கணம் என்ன ஆவது என்பது அடுத்த தடை. இதற்கு ஒரு கதவை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பழைய சொல்லாட்டத்தில் ஆங்கிலப் பிள்ளை ‘ஓப்பன் டோர்’ என்று தட்டினால் போதும். அகராதியில் உள்ள இரண்டு சொல்லும் அப்படியே நிற்கின்றன. தமிழ்ப் பிள்ளை ‘கதவைத் திற’ என்று எழுத வேண்டும். கதவோடு ஐ சேர்ந்து கதவை ஆகிறது. அதன் பின் த் தோன்றுகிறது. கதவுக்குப் பதில் பெட்டி என்றால் நடுவில் யகரம் நுழைந்து பெட்டியை ஆகிறது. மரத்தை, வீட்டை, ஆற்றை, பசுவை என்று ஒவ்வொரு பெயரும் வேற்றுமை உருபை ஒவ்வொரு விதமாக ஏற்கிறது. இப்போது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் தாங்களே ஓர் ஆட்டம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தங்கள் ஆட்டத்தில் உள்ள பத்துப் பொருள்களுக்கும் ஆடுபவர் என்னென்ன கட்டளை எழுதக்கூடும் என்று அவர்கள் முன்கூட்டியே பட்டியல் போட வேண்டும். ‘திற’ என்பாரா, ‘திறக்கவும்’ என்பாரா, வீட்டுப் பேச்சில் ‘தொற’ என்பாரா? வேற்றுமையும் உடம்படுமெய்யும் சாரியையும் வலிமிகுதலும் பாடப்புத்தகத்தில் தனித்தனி அட்டவணை. இங்கே அவை ஒரு கதவு திறப்பதற்கான நிபந்தனை. இலக்கணத்தை ஆட்டம் கைவிடுகிறது என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இதைவிடக் கறாராக வேற்றுமையைப் பயிற்றும் பயிற்சித்தாள் எது? இந்த ஆட்டத்துக்குக் கணினிகூடத் தேவையில்லை. ஒரு பிள்ளை கணினியாக உட்கார்ந்து, எழுதி நீட்டிய கட்டளை பிழையாக இருந்தால் ‘புரியவில்லை’ என்று சொல்லட்டும். கணினி அறையும் இணையமும் சரியில்லாத பள்ளிகள் என்ன செய்யும் என்ற கேள்விக்கும் இந்த ஒரு காகிதம் போதும்.

பிள்ளைகள் ஆடும் ஆட்டங்கள் எழுத்தைக் கெடுக்கின்றன என்பது பொதுவான நம்பிக்கை. இங்கிலாந்தின் தேசிய எழுத்தறிவு அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. கணினி ஆட்டம் ஆடும் இளையோரில் ஐந்தில் மூன்று பங்கினர், ஆட்டம் தொடர்பாக ஏதாவது ஒன்றை மாதம் ஒரு முறையாவது எழுதுகிறார்கள்: குறிப்பு, உத்தி, விமர்சனம், ஆட்டத்தின் பாத்திரங்களை வைத்துக் கதை. இதைப் படித்து நாம் நிம்மதி அடைய முடியாது. அந்தப் பிள்ளைகள் ஆடுவதும் எழுதுவதும் ஒரே மொழியில். ஜொகூர்ப் பிள்ளை ஆட்டம் ஆடி எழுதினால் ஆங்கிலத்தில் எழுதும், அல்லது மலாயில். அந்த இரண்டு மொழியிலும் எழுதுவது நல்லதே. தமிழில் எழுத அதற்கு ஒரு காரணம் வேண்டும். அதை நாம் இன்னும் கொடுக்கவில்லை. 2023இல் கனடாவின் டொராண்டோவிலிருந்து ‘வெண்பா’ என்ற ஆட்டம் வந்தது. தமிழ்க் குடும்பம் ஒன்று புலம்பெயர்ந்து வாழும் கதை. அம்மா வைத்திருந்த சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து நிரப்பி, இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். மகன் கவின் தமிழிலிருந்து விலகிப் போவதுதான் அதன் வலி. மறு ஆண்டு அதற்குப் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. தமிழை வைத்து உலகத் தரத்தில் ஆட்டம் செய்ய முடியும் என்பதற்கு இனி வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் வகுப்பறைக்கு நான் கேட்பது இன்னொரு வெண்பாவை வாங்கித் தருவதை அல்ல. கவினின் வயதுப் பிள்ளை தன் பாட்டியின் தோட்டத்து வீட்டைப் பற்றித் தானே ஓர் ஆட்டம் எழுதுவதைத்தான்.

மிச்சமிருப்பது ஆசிரியரின் நேரம். இது மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான தடை. இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. இருபத்தைந்து பிள்ளைகளின் கிளைக்கதைகளைப் படித்துத் திருத்துவது ஒரு புதிரை ஏற்றிவிடுவதைப் போல் அல்ல. யூ.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டதால் மாதிரிக் கட்டுரையின் பிடி தளர்ந்திருக்கிறது. ஆனால் ஆசிரியரின் மேசையில் இருக்கும் கோப்புகள் குறைந்தபாடில்லை. இங்கே பழைய மணிமன்றத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். அங்கே எழுதிய பிள்ளைக்கு வாசகர் அவருடைய வாத்தியார் மட்டும் அல்ல. வேறு ஊரில், வேறு தோட்டத்தில் அதே தாளை விரித்த இன்னொரு பிள்ளை. குளுவாங்கில் எழுதியதை மூவாரில் ஒருவர் படித்தார். ஆசிரியர் பிழை திருத்துவார். ஆனால் கதை பிடித்ததா, எங்கே குழம்பியது, எந்தக் கிளை வீணாகப் போனது என்று சொல்ல அதே வயது ஆட்டக்காரரைவிடத் தகுந்தவர் கிடையாது. வழி புரியவில்லை என்று ஒரு பிள்ளை ஆட்டத்தை நடுவில் விட்டுவிட்டால், எழுதிய பிள்ளைக்கு அதைவிடத் தெளிவான திருத்தம் எந்தச் சிவப்பு மையிலும் வராது.

தமிழ் நேசன் 2019 பிப்ரவரி 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது. தொடங்கி 94 ஆண்டுகள் கடந்திருந்தன. கதை வகுப்பைப் போல ஊர்களை இணைத்து எழுத்து கற்பித்த ஏற்பாடு ஒன்று மறுபடி வர வேண்டுமானால், இனி அது பள்ளிகளுக்கு நடுவில்தான் வர வேண்டும். ஜொகூரின் தமிழாசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்த ஆண்டு ஒரு வகுப்பு, ஒரே ஒரு கிளைக்கதை ஆட்டம், கணினியிலோ காகிதத்திலோ எழுதட்டும். எழுதி முடித்ததும் அதை மாநிலத்தின் இன்னொரு தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள். அங்குள்ள பிள்ளைகள் ஆடிப் பார்த்துவிட்டு, பதிலைக் கைப்பட எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.